தம்பிக்கு ஒன்றுமில்லை, அது நடைப்பயணத்து பிரெட்

மரியே வாழ்க

செங்கல்பட்டு,
ஆகஸ்ட் 3, ஞாயிறு மாலை

மதிப்புக்குரிய ஜாக்குலின் அண்ணிக்கு,

உங்கள் தம்பி ஜான்சனின் மனைவி ஹெலன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் கவியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். மற்ற கடிதங்களில் இந்த வரி ஒரு மரியாதைக்கு வந்துவிட்டுப் போகும். இந்தக் கடிதத்தில் செய்தியே அதுதான் என்பதால் இன்னொரு முறையும் எழுதுகிறேன்: உங்கள் தம்பி நலம். இன்று காலை ரத்த அழுத்தம் 124க்கு 80. சாப்பிடும் முன் சர்க்கரை 96. சாப்பிட்டது ஆறு இட்லி. போன வாரம் முழுவதும் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸை ஒரு நாளும் விடவில்லை.

எட்டு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. என் எண்ணையும் அவர் எண்ணையும் தடுத்து வைத்திருப்பதாகக் கவியா சொன்னாள். அதனால்தான் கடிதம். நாளை காலை அவள் வேலைக்கு வரும்போது செங்கல்பட்டு ஸ்டேஷனில் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மகள் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். தம்பி பிழைத்து எழுந்தால் மாமல்லபுரத்திலிருந்து வேளாங்கண்ணிவரை வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டீர்களாம், காவிப் புடவைகூட எடுத்தாயிற்றாம், இருபதாம் தேதி கிளம்புகிறீர்களாம். அண்ணி, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. உங்கள் வலது முட்டியை டாக்டர் மடக்கிப் பார்த்தபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான். மாடிப்படியே ஏறாதீர்கள் என்றார். ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று: வராத நோய்க்காக நீங்கள் நடக்கக்கூடாது. அதற்கு, நடந்தது என்னவென்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன், வரிசையாகச் சொல்லத் தெரியாமல் போகாது.

எல்லாவற்றுக்கும் மூலம் எலுமிச்சை சாதம். உங்கள் தம்பியோடு அதே ஷிப்டில் வேலை செய்கிற பரணிதரனை உங்களுக்குத் தெரியாது. முப்பத்தைந்து வயசு, கால்கள் மட்டும் கொஞ்சம் நீளம். லீவு கிடைத்தால் முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு, படுக்கை, பாத்திரம், மாற்றுத்துணி எல்லாவற்றையும் அதில் அடைத்துக்கொண்டு, கடற்கரை ஓரமாகவே நாள்கணக்கில் நடக்கிறவர். பஸ் ஓடுகிற ஊருக்கு எதற்கு நடக்க வேண்டும் என்று நான் கேட்டேன். மார்ச்சில் உங்கள் தம்பியும் சேர்ந்துகொண்டார். ஜூனில் கண்காணிப்பதற்காக நானும் போனேன். மதியத்துக்கு எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டினேன். பைக்குள் டப்பா எப்போது வாயைத் திறந்ததோ தெரியாது, அவருடைய மாற்றுச் சட்டை மஞ்சள், துண்டு மஞ்சள், டார்ச் லைட் மஞ்சள், மங்கள காரியத்துக்குப் போகிற குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். மீதி சாதத்தில், கல்யாண வீட்டில் அட்சதை போடுவதுபோலக் காற்று மணலை அள்ளிப் போட்டது. அதைச் சாப்பிட்ட கையைக் கழுவக் குடிதண்ணீரில் பாதி போயிற்று. ஊர் வந்து சேர்ந்ததும் பரணிதரன் தீர்ப்புச் சொன்னார்: “மேடம், இனிமே மதியத்துக்கு பிரெட்டுதான். கை கழுவத் தேவல, தட்டு தேவல. பிரிச்சமா, தின்னமா, நடந்தமான்னு போய்க்கினே இருக்கலாம்.” நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எந்த பிரெட்?” என்று கேட்டேன். அண்ணி, இந்த விஷயத்தில் நான் செய்த முதல் பாவம் அந்தக் கேள்வி.

இரண்டாவது பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி இருபத்தாறு வருஷமாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். “சாம்பிள் பாக்காம ஒரு போல்ட்டக்கூட உள்ள விட்டதில்ல நானு, பிரெட்ட விட்ருவனா?” என்று கிளம்பிவிட்டார். ஆகஸ்ட் பதினைந்து லீவில் பாலாற்று முகத்துவாரத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டை வழியாக மரக்காணம்வரை மூன்று நாள் நடப்பதாக ஏற்பாடு. மூன்று மதியச் சாப்பாடு. நசுங்கக்கூடாது, வெயிலில் கெடக்கூடாது, மணலில் உட்கார்ந்து ஒரு கையால் தின்னவேண்டும். இதற்கு எது தோது என்று பார்க்க ஏழு வகை எழுதினார்: பால் பிரெட், கோதுமை பிரெட், இனிப்பு பன், நீட்டு பன், பாவ் பன், குபூஸ், ரஸ்க். சப்பாத்தியையும் சேர்த்திருந்தார், யார் சுடுவது என்று கேட்டேன், பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். வகைக்கு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். ஒரே ஒரு சாம்பிளை வைத்து உலகத்தில் எதையும் நிரூபிக்க முடியாது, வகைக்கு மூன்றாவது வேண்டும் என்று நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் ஏழு பாக்கெட்டோடு போயிருக்கும். இருபத்தொன்று வந்தது.

அதை அவர் வாங்கின இடம் பெரியாஸ்பத்திரி எதிரில் இருக்கிற ஜெகதீசன் பேக்கரி. செங்கல்பட்டில் பிரெட் இத்தனை வகையாகக் கிடைப்பது அங்கேதான். அங்கே மட்டும் ஏன் இத்தனை வகை என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். நம் ஊரில் பிரெட் சாப்பாடா அண்ணி? அது மருந்துக்கடைப் பொருள், பேக்கரியில் விற்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் இட்லி வாங்கினால் அவருக்குப் பசி. பிரெட் வாங்கினால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல். பிரெட்டும் ஆப்பிளும் வாங்கினால் ஆபரேஷன். இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபத்தொரு பாக்கெட்டுக்கு என்ன அர்த்தம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜெகதீசன் எண்ணிக்கொண்டே வந்தவர் பதினைந்தில் நிறுத்திவிட்டாராம்.

“இன்னா சார், இவ்ளோ பிரெட்டு? வூட்ல யாரு படுத்துகினாங்க?”

“யாரும் படுக்கலீங்க. எனக்குத்தான் வேணும்.”

“உங்களுக்கா சார்?”

“ஆமா. ஒரு வாரம் வச்சுப் பாக்கணும்.”

கடையிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து எடுத்துப் போட்டாராம். ஒரு சோடாவும் உடைத்துக் கொடுத்தாராம். உங்கள் தம்பி மொத்தமாக வாங்குகிறவருக்கு மரியாதை என்று நினைத்து உட்கார்ந்து முழுசும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். பின்னாலேயே, ஆஸ்பத்திரியில் இருக்கிற யாருக்கோ அரை பாக்கெட் பிரெட் வாங்க எங்கள் எதிர்வீட்டுச் சந்திரம்மா நின்றிருக்கிறார்.

சந்திரம்மா எங்கள் தெரு அன்பியத்து ஜெபக்குழுத் தலைவி. யார் வீட்டில் ஜெபம், யார் வீட்டில் ஜுரம் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரத்தில், “நோயுற்றிருக்கும் எங்கள் சகோதரர் ஜான்சன் விரைவில் நலம் பெற” என்று அவரே மைக்கில் வாசித்தார். எங்கள் பங்குக் கோயிலில் நாலு ஜான்சன் இருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று கோயிலிலேயே எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்து, “பாவம், எந்த ஜான்சனோ” என்றார். சுற்றி இருந்தவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். தனக்காகத் தானே இவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொள்கிறாரே, வியாதி பெரிசுதான்போல என்று அப்போதுதான் முடிவாகியிருக்க வேண்டும்.

அந்த வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. இருபத்தொரு பாக்கெட்டும் அட்டை குத்தி, எண் போட்டு, மூன்று மூன்றாக நின்றன. உங்கள் தம்பி காலையில் நாஸ்தாவுக்கு முன்னால் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரெட்டின் கனத்தையும் அளந்து நோட்டில் எழுதுவார். பிறகு என் பாடப்புத்தகம் இரண்டை அதன்மேல் கால் மணி நேரம் வைத்து, எடுத்து, மறுபடி அளப்பார். சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கினதும், பைக்குள் அரிசி மூட்டை ஒன்றும் பிரெட் ஒரு செட்டும் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் முப்பது நடை. நீங்களே சொல்லுங்கள், மார்ச்சிலிருந்து நடந்து நடந்து நாலு கிலோ இளைத்துப்போன மனிதர், இருபத்தொரு பாக்கெட் பிரெட் வாங்கினவர், வேர்க்க விறுவிறுக்கத் தெருவில் நடந்துகொண்டே கடிகாரத்தைப் பார்க்கிறார், வீட்டு வாசலுக்கு வந்ததும் பொண்டாட்டி ஓடி வந்து பையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறாள். நான் பார்த்தது பால் பிரெட்டை. தெரு பார்த்தது என் முகத்தை.

முடிவுகளை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். பால் பிரெட், பை முதுகில் ஏறின பத்தாவது நிமிஷத்தில் சப்பாத்தி. கோதுமை பிரெட் நசுங்கவில்லை, உதிர்ந்தது. பைக்குள் கையை விட்டு அள்ளித்தான் சாப்பிடவேண்டும். இனிப்பு பன்னுக்கு எங்களைவிட எறும்புகள் அதிக மதிப்பெண் போட்டன. நீட்டு பன்னும் பாவ் பன்னும் மூன்றாம் நாள் பச்சையாகப் பூத்தன. ரஸ்க் நசுங்காது, கெடாது, ஆனால் கூடவே ஒருவர் டீ எடுத்துக்கொண்டு நடந்து வரவேண்டும். குபூஸ் என்கிற அரபுத் தட்டை ரொட்டியைப் பரிந்துரைத்தவர் பரணிதரன். “மேடம், ஏற்கெனவே நசுங்கினத எவன் நசுக்குவான்?” என்றார். கேட்க நன்றாக இருந்தது. நாலாம் நாள் அதை மடிக்கப் பார்த்தால் அப்பளம்போல உடைந்தது.

இதற்கு நடுவில் பார்க்க வருகிறவர்கள். திங்கட்கிழமை இரண்டு பேர், செவ்வாய்க்கிழமை ஐந்து பேர், புதன்கிழமை கம்பெனி யூனியனிலிருந்து ஒரு வேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறும் கையோடு வருவார்களா? பிரெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணி, சுவிசேஷத்தில் ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பலுகியது, சரி, அங்கே சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். இங்கே யாரும் சாப்பிடாமலே இருபத்தொன்று நாற்பதாகிவிட்டது. என் கவலை வேறு: எது சாம்பிள், எது அனுதாபம் என்று தெரியாமல் சோதனையே குழம்பிப்போனது. நான் ஒளிக்கவில்லை, ஒவ்வொருவரிடமும் சொன்னேன், அவருக்கு ஒன்றுமில்லை என்று. சந்திரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்டித்தாம்மா தைரியமா பேசணும். சொல்றவங்க சொல்லிக்கினே இருக்கட்டும், நீ வுடாத” என்றார். இல்லை என்று சொல்லச் சொல்ல உறுதியாகிற ஒரு விஷயத்தை எந்தக் கணக்கில் மறுப்பது? “நடக்கறதுக்கு பிரெட்டு பாக்கறோம்மா” என்று உங்கள் தம்பியே விளக்கினார். “நடப்ப நைனா, நல்லா நடப்ப” என்று சந்திரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் போன் செய்தீர்கள். அன்பியத்து வாட்ஸப்பில் வந்த ஜெப விண்ணப்பம் யார் யார் வழியாகவோ மாமல்லபுரம் வந்து சேர்ந்திருந்தது. அவர் உங்களிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. “எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் கீறேன்” என்றார். அந்த நேரம் பார்த்து வாயில் இருபதாம் எண் ரஸ்க். துகள் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நீங்கள் கேட்டது எல்லாம் இருமல், அந்த இருமலுக்கு நான் முதுகில் தட்டின சத்தம், தண்ணீர் தண்ணீர் என்று நான் கத்தினது, போன் மேஜையிலிருந்து விழுந்தது. திரும்பக் கூப்பிட்டோம், நீங்கள் எடுக்கவில்லை. அப்போது நீங்கள் மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் கவியா சொன்னாள். அந்த முட்டியோடு.

மறுநாள் காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். இதுதான் என் மூன்றாவது பாவம், இதுதான் பெரியதும். ஏனென்றால் சனிக்கிழமை கோவளத்திலிருந்து கடற்கரையோடு நடந்து மாமல்லபுரம் வந்து, கடைசிச் சோதனையை முடித்துக்கொண்டு, உங்கள் வீட்டில் வந்து நின்று, “அக்கா, டீ போடு” என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. உங்களை ஆச்சரியப்படுத்துவதற்காக. நடக்கும்போது போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட வேண்டும் என்பது பரணிதரனுடைய சட்டம். நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். நீங்கள் ஒரு பால் பிரெட் வாங்கி, உங்கள் பச்சை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் இங்கே வந்து பூட்டைப் பார்த்திருக்கிறீர்கள். சந்திரம்மா சொன்னதையும் விசாரித்துவிட்டேன், ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை: “விடியறதுக்கு முன்னாலயே ஆட்டோ வந்துச்சும்மா. பெரிய பையி எடுத்துக்கினு போனாங்க. டீச்சர் கையில பிரெட்டு கீது.” நீங்கள் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒவ்வொரு வார்டாக ஜான்சன் என்று தேடியிருக்கிறீர்கள். இரண்டு ஜான்சன்கள் கிடைத்து, இரண்டு பேருக்கும் ஜெபம் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒருவர் உங்களை மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டாராம்.

அந்த நேரம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தோம் அண்ணி. நாற்பத்தெட்டு வயசுக்கு மேல் காலில் அலை படும்படி நடப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தவள்தான் நான். இடது கை பக்கம் முழுக்கக் கடல். உங்கள் தம்பி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பத்து வயசுப் பிள்ளை மாதிரி நண்டைத் துரத்தினார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், “இன்னா அண்ணாத்த, பஸ்ஸ வுட்டுட்டியா?” என்று கேட்டார். இவர் அதற்கு ஒரு மைல் தூரம் சிரித்துக்கொண்டே வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மதியம் பையைத் திறந்தால், இதற்கென்று புதிதாக வாங்கின ஏழு வகையும் நாசம். எது பன், எது பிரெட் என்று அடையாளம் தெரியாமல் ஒரே உருண்டையாக இருந்தது. அதைப் பிய்த்துப் பிய்த்து, மணலோடு, ஜாமோடு மூன்று பேரும் தின்றோம். சத்தியமாகச் சொல்கிறேன், ருசியாக இருந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன். சாயந்திரம் உங்கள் தெருமுனையில், கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து காலிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, கூடையோடு வந்தீர்கள். அழுது வீங்கின முகம் எங்களுக்குத் தூரத்தில் தெரியவில்லை. இவர் மீந்துபோன அந்த உருண்டையைத் தூக்கிக் காட்டி, “அக்கா, வா வா! இந்த ரொட்டிய கொஞ்சம் அமுக்கிப் பாரேன்!” என்று கூப்பிட்டார். நீங்கள் அப்படியே நின்றீர்கள். பிறகு கூடையிலிருந்து பிரெட்டை எடுத்து அவர்மேல் வீசினீர்கள். “அப்பாக்கும் இப்டித்தான்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னீங்க!” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கதவைத் தட்டினோம். திறக்கவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. உங்கள் அப்பா, ஏசுபாதம் மாமா போனது எனக்குக் கல்யாணமாகும் முன்னால். இந்த எட்டு நாளில்தான் இவர் வாயைத் திறந்து சொன்னார். மாமா அதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கைக்குழந்தைக்காரி பயந்துவிடுவாள் என்று உங்களிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்களாம். நீங்கள் பிரெட் வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்ததாம். சொன்னவன் நான்தான் என்றார் உங்கள் தம்பி. அதற்குப் பிறகு அவர் பிரெட்டைத் தொடவே இல்லையாம், இந்த ஜூலைவரைக்கும். இவ்வளவு வருஷமாக எங்கள் வீட்டுக்குக் காய்ச்சலுக்குக்கூட பிரெட் வராததை நான் ருசிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வேண்டுதல் விஷயம். ஃபாதரிடம் போய், வராத நோய்க்கு வைத்த வேண்டுதல் செல்லுமா என்று கேட்டேன். சட்டப்படி செல்லாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “நோய் வரவே இல்லன்னா, மாதா கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டாங்கன்னு அர்த்தம் ஆகுதேம்மா” என்றார். நானும் இரண்டு நாளாக இதற்கு ஒரு மறுப்பு தேடுகிறேன், கிடைக்கவில்லை. ஆனால் அவரே ஒரு வழியும் சொன்னார். முட்டி முடியாதவர் அச்சிறுபாக்கம் மலை மாதாவிடம் போய் வேண்டுதலை ஒப்படைக்கலாம், ரயிலில் போனால் ஒன்றும் தோஷமில்லை, இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே மாதாதான். மலைமேல் ஆட்டோ போகும், நான் விசாரித்துவிட்டேன். அது மனசுக்கு ஒப்பவில்லை, வேளாங்கண்ணிதான் என்றால் எங்களிடம் இன்னொரு யோசனை இருக்கிறது. ஆலம்பரை எங்கேயும் ஓடிவிடாது. இருபதாம் தேதி உங்களுக்குப் பதிலாக உங்கள் தம்பி நடக்கிறார், அவரோடு நான் நடக்கிறேன், பரணிதரன், “மேடம், அதும் பீச் ரோடுதான?” என்று கேட்டுவிட்டுத் தானும் வருகிறேன் என்கிறார். நீங்கள் நடைப்பயணக் கூட்டத்தோடு வருகிற வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும். எங்கள் மதியச் சாப்பாட்டு பிரெட்டை வைத்துக்கொள்வதற்கு.

காரணம் இருக்கிறது. நீங்கள் வீசிய பிரெட் அவர் மார்பில் பட்டு மணலில் விழுந்தது. இவர் அதை எடுத்து, பையில் வைக்காமல் கையிலேயே கொண்டுவந்தார். ராத்திரி மேஜைமேல் வைத்து வெர்னியரை எடுத்தார். அண்ணி, ஒரு மில்லிமீட்டர்கூட நசுங்கியிருக்கவில்லை. மூலைகள் நாலும் மூலைகளாகவே இருந்தன. நாங்கள் முதல் ரவுண்டிலேயே தள்ளுபடி செய்த அதே சாதாரண பால் பிரெட். இரண்டு பஸ், ஆஸ்பத்திரி முழுவதும் வார்டு வார்டாக, வெயில், திரும்பவும் பஸ், எல்லாவற்றிலும் அது உங்கள் கூடையில், உட்கார்ந்தால் மடியில் இருந்திருக்கிறது. எந்த பிரெட் என்று நாங்கள் தேடியதே தப்பு. எங்கே வைத்து எடுத்துப் போவது என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு சாம்பிளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எந்த வகுப்பிலும் முதல் நாள் சொல்கிறவள் நான். இந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் இவ்வளவு நீளமாகிவிட்டது. இன்று காலை பூசை முடிந்ததும் அன்பியத்தார் முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டேன். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சந்திரம்மா மட்டும் மன்றாட்டை இப்போது எப்படி வாபஸ் வாங்குவது என்று கேட்டார். மீந்திருந்த பிரெட் எல்லாம் பக்கத்துத் தெரு மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் ஒரு துண்டு பிரெட் கிடையாது, இனி இந்த வாசலில் நுழையவும் செய்யாது. உங்கள் தம்பி திடமாக இருக்கிறார், அவருக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் வரவும் போவதில்லை. இதை நீங்கள் முழு நிச்சயமாக நம்பலாம்.

கவியாவுக்கு என் அன்பு. உங்கள் முட்டிக்கு என் தனி விசாரிப்பு. போனைத் திறந்து வையுங்கள், மாதாவின் ஆசீர் உங்களோடு இருப்பதாக.

இப்படிக்கு,
தம்பி பெண்டாட்டி
ஹெலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தம்பி வந்து போர்வை எங்கே என்று கேட்டார். தொட்டுப் பார்த்தேன், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், நூற்றொன்று புள்ளி நாலு. தெருமுனை டாக்டர், நேற்று மழையில் நனைந்ததுதான், மூன்று நாள் இருக்கும் என்கிறார். ஆகவே மேலே நலம் என்று எழுதியிருக்கிற இடங்களை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படியுங்கள், இட்லி உட்பட. ஃபாதர் இதைக் கேட்டால் வேண்டுதல் முந்திக்கொண்டது, நோய் பிந்திக்கொண்டது என்பார், அதனால் அவரிடம் சொல்லவில்லை. சந்திரம்மாவிடம் சொன்னேன். “போ டீச்சர், திரும்பியும் பிரெட்டு டெஸ்ட்டா?” என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா போய் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அவராகவே வாய்விட்டு, பாலில் தோய்த்து ரெண்டு துண்டு பிரெட் கிடைக்குமா என்கிறார். ஜெகதீசன் கடையில் போய் நிற்க எனக்கு முகமில்லை. கடிதம் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் வாருங்கள். பால் பிரெட் ஒன்று போதும், மூன்று வேண்டாம். அந்தப் பச்சைக் கூடையில், மடியில் வைத்து. மற்றபடி பயப்படும்படி ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரிலேயே வந்து பார்த்துவிடுங்கள்.